ஒரு சின்னம்மாவுக்கு ஐந்து பதிவுகள்

போன தீபாவளிக்கு முதல் நாள் மாலை. சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் முறுக்கு மாவு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அம்மா கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "செல்விக்குப் போட்டுக் குடுடா. எதைத் தொட்டாலும் லைன் போகமாட்டேங்குது."

செல்வி அம்மாவின் தங்கை, எனக்குச் சின்னம்மா. தஞ்சாவூரில் இருக்கிறார். தேடிப் பார்த்தேன். தமிழில் "செல்வி" என்று ஒன்று, "செல்வி தஞ்சை" என்று இன்னொன்று, "சின்னம்மா" என்று மூன்றாவது, ஆங்கில எழுத்தில் நாலாவது. ஐந்தாவதில் பெயரே இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணும் மாறி மாறி நீளமாகக் கிடந்தன. ஒரே ஆள், ஐந்து பதிவுகள். இரண்டில் சின்னம்மா எப்போதோ விட்டுவிட்ட பழைய எண்.

அன்றைக்குச் சரியான எண்ணைக் கண்டுபிடித்துப் பேசவைத்துவிட்டேன். ஆனால் அந்த ஐந்தும் எப்படி வந்தன என்ற கேள்வி என்னை விடவில்லை. அம்மா ஒரே பெயரை ஐந்து முறை சேமிக்கிறவர் அல்லர். ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தபோது, சிங்கப்பூரில் நம்மவர்கள் கைப்பேசிகளில் இந்தச் சிக்கல் ஏன் இவ்வளவு ஆழமாக வேர்விடுகிறது என்பது புரிந்தது. துடைக்கத் துடைக்க அது ஏன் திரும்ப வருகிறது என்பதும் புரிந்தது.

முதல் பதிவு சிம் அட்டையிலிருந்து வந்தது. சிம்மில் பொதுவாக இருநூற்றைம்பது பேருக்குத்தான் இடம். ஒரு பதிவுக்கு ஒரு பெயர், ஒரு எண். பெயருக்கும் சில எழுத்துகளே கிடைக்கும், தமிழில் எழுதினால் இன்னும் குறையும். ஒருவருக்கு வீட்டு எண், கைப்பேசி, வேலையிட எண் என்று மூன்று இருந்தால் சிம்மில் அவர் மூன்று பேர். புதுக் கைப்பேசி வாங்கி சிம்மிலிருந்து இறக்கும்போது அந்த மூன்று பேரும் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

அந்தப் பதிவில் எண்ணுக்கு முன்னால் 019 இருந்தது. இந்த ஊரில் பல ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு அது ஏன் என்று சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டு அழைப்பு காசு தின்ற காலத்தில் 001, 002, 008 என்று நிறுவனத்துக்கு ஒரு முன்னெண் இருந்தது. மலிவுக் கட்டணத்துக்கு 018, 019 என்று தனியாக வேறு. ஒவ்வொரு தடவையும் தட்ட வேண்டாமே என்று 019, 91, பிறகு பத்து இலக்கம் என்று அப்படியே சேமித்துவைத்தோம். பிறகு 2008இல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி முழுமையாக வந்தது, அம்மாவும் மாறினார். சேமித்த எண்ணின் முன்னால் மட்டும் பழைய நிறுவனத்தின் முன்னெண் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. லைன் போகாததற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது பதிவில் அதே எண் +91 என்று தொடங்கியது. ஆங்கில எழுத்துப் பதிவில் இந்தியாவுக்குள் அழைப்பதுபோல் 0 என்று தொடங்கியது. அது ஊருக்குப் போயிருந்தபோது யாரோ சேமித்தது. மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒரே எண். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு மூன்றும் மூன்று எண்கள்.

நமக்கு இது மற்றவர்களைவிட அதிகம். நம் உறவுகள் குறைந்தது மூன்று நாட்டில் இருக்கிறார்கள். சிங்கப்பூருக்குள் எட்டு இலக்கம், வட்டாரக் குறியீடு கிடையாது, முன்னால் சுழியமும் கிடையாது. மலேசியாவின் ஜொகூரில் உள்ள மாமாவின் எண் அங்கே 0 என்று தொடங்கும், +60 போட்டால் அந்தச் சுழியம் போய்விடும். தமிழ்நாட்டு வீட்டு எண்ணுக்கு ஊர்க் குறியீடு உண்டு, அதற்கும் முன்னால் ஒரு சுழியம். இதற்கெல்லாம் பொதுவாக அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கம் வகுத்த முறை ஒன்று இருக்கிறது. ஈ.164 என்று பெயர். கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, பிறகு எண், எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம். அந்த முறையில் எழுதிய எண் உலகில் எங்கிருந்து அழைத்தாலும் ஒன்றேதான்.

தப்பாகச் சேமித்த எண் ஏன் பல ஆண்டு யார் கண்ணிலும் படுவதில்லை? அழைப்பு வரும்போது கைப்பேசி பெரும்பாலும் எண்ணின் கடைசி இலக்கங்களைப் பார்த்தே பெயரைக் காட்டிவிடும். சின்னம்மா கூப்பிட்டால் "செல்வி" என்று சரியாக வரும். நாம் கூப்பிடும்போதுதான் முட்டும். அம்மாவின் பழைய டைரியில் ஏழு இலக்க வீட்டு எண்கள் இன்னும் இருக்கின்றன. 2002 மார்ச் 1 முதல் சிங்கப்பூர் வீட்டு எண்களுக்கு முன்னால் 6 சேர்ந்தது. அந்த டைரியைப் பார்த்து யாராவது கைப்பேசியில் ஏற்றியிருந்தால் அங்கேயும் ஒரு வேண்டாத பதிவு பிறந்திருக்கும்.

இங்கே ஒரு பயத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். "கூட்டல் குறி வந்தால் மோசடி என்று சொல்கிறார்களே, அப்படியிருக்க நான் ஏன் +65 போட்டுச் சேமிக்க வேண்டும்?" என்று அண்டை வீட்டு அக்கா கேட்டார். 2020 ஏப்ரல் 15 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் கூட்டல் குறி காட்டப்படுகிறது. உள்ளூர் அழைப்பு போலப் பாசாங்கு செய்யும் மோசடியைக் கண்டுகொள்ளவே அந்த ஏற்பாடு. அது உள்ளே வரும் அழைப்பைப் பற்றிய அடையாளம். முகவரிப் புத்தகத்தில் நாம் எழுதும் கூட்டல் குறி வெறும் விலாசம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, தாராளமாக +65 போடலாம்.

இனி அந்த விநோதமான ஐந்தாவது பதிவு. இரண்டாம் தலைமுறைக் கைப்பேசிக் கட்டமைப்பை (2ஜி) 2017இலும் மூன்றாம் தலைமுறையை (3ஜி) 2024இலும் இங்கே நிறுத்தினார்கள். இரண்டு முறையும் மூத்தவர்கள் பலர் கைப்பேசியை மாற்றியே ஆக வேண்டியதாயிற்று. அம்மாவும் ஒரு கடையில் மாற்றினார். கடைக்காரப் பையன் பழைய கைப்பேசியிலிருந்து எல்லாவற்றையும் ஒரு கோப்பாக எடுத்துப் புதியதில் ஏற்றிக் கொடுத்தான். ஏற்கெனவே கூகுள் கணக்கிலிருந்தும் அதே பெயர்கள் இறங்கியிருந்தன என்பதை அவன் கவனிக்கவில்லை. கூட்டம் நின்ற கடை, அவனைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

அந்தக் கோப்பின் வகைக்கு விகார்ட் என்று பெயர். ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகியவை சேர்ந்த ஒரு கூட்டமைப்பு 1990களின் நடுவில் உருவாக்கியது. அதன் 2.1 பதிப்பு ஆங்கிலமல்லாத எழுத்தை நேராக எழுதாமல், ஒவ்வொரு பைட்டையும் சமக்குறி போட்டுச் சங்கேதமாக மாற்றி எழுதும். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். வாங்குகிற கைப்பேசி அந்தச் சங்கேதத்தை அவிழ்க்காமல் விட்டால், "செல்வி" என்ற மூன்றெழுத்துப் பெயர் ஒரு முழம் நீளக் குப்பையாகிவிடும். பெயர் வேறானதால் பழைய "செல்வி"யோடு அது சேரவும் சேராது.

ஆக, எண் மாறிப்போகிறது, பெயர் மாறிப்போகிறது. ஆனால் இவற்றைவிட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. நமக்கு அடையாள அட்டை எண் இருப்பதுபோல ஒவ்வொரு தொடர்புப் பதிவுக்கும் உள்ளுக்குள் ஓர் அடையாள எண் உண்டு. ஒத்திசைவு, அதாவது சிங்க், நடக்கும்போது சர்வரும் கைப்பேசியும் பெயரைப் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. அந்த அடையாள எண்ணைப் பார்த்தே "இது உன்னிடம் இருக்கிறதா, மாறியிருக்கிறதா, அழிந்துவிட்டதா" என்று கேட்டுக்கொள்கின்றன. ஒரே கணக்குக்குள் இது அருமையாக வேலை செய்யும். ஆனால் ஐகிளவுடுக்கு கூகுள் கொடுத்த எண் தெரியாது, கூகுளுக்கு சாம்சங் கணக்கு கொடுத்த எண் தெரியாது. ஒரு கணக்கிலிருந்து எடுத்து இன்னொன்றில் ஏற்றினால் பெரும்பாலும் புது அடையாள எண் பிறந்துவிடும். ஆள் ஒருவர்தான், அட்டை மட்டும் இரண்டு. விகார்டின் 3.0 பதிப்பில் அந்த அடையாள எண் கட்டாயம்கூட இல்லை. 2011இல் வந்த கார்ட்டேவ் என்ற ஒத்திசைவு முறைதான் அதைக் கட்டாயமாக்கியது.

அடையாள எண் பொருந்தாதபோது மென்பொருளுக்கு இரண்டே வழி. ஒரே ஆள் என்று ஊகித்துச் சேர்க்கலாம், இல்லையென்றால் வேறு ஆள் என்று வைத்துக்கொண்டு இரண்டையும் காப்பாற்றலாம். தப்பாகச் சேர்த்தால் ஒருவருடைய எண்ணே காணாமற்போகும், அதைத் திரும்பப் பெறுவது கடினம். இரண்டாக வைத்தால் எரிச்சல் மட்டும்தான். அதனால் மென்பொருளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியையே எடுக்கிறார்கள். 2000த்தில் நோக்கியா, எரிக்சன், ஐபிஎம், மோட்டரோலா போன்றவை சேர்ந்து தொடங்கிய சிங்க்எம்எல் முறையில், கைப்பேசிக்கும் சர்வருக்கும் "கடைசியாக எப்போது சந்தித்தோம்" என்ற நினைவு தவறிவிட்டால் முழுப் பட்டியலையும் அனுப்பி முதலிலிருந்து ஒப்பிட வேண்டும். பெயரில் ஒரு புள்ளி கூடியிருந்தாலும் புது ஆள் என்று சேர்த்துக்கொள்ளும். ஒரே இரவில் முந்நூறு பெயர் அறுநூறான கதைகள் அப்படி வந்தவை. இரட்டைப் பதிவு என்பது மென்பொருள் தெரிந்தே எடுத்த பாதுகாப்பான முடிவின் விளைவு. இதைப் புரிந்துகொண்டபின் எனக்கு அதன்மேல் கோபம் குறைந்தது.

மனிதரும் அதே காரணத்தால்தான் இரட்டிப்பார்கள். ஐஃபோனில் ஐகிளவுட் தொடர்புகளை அணைத்தால் ஒரு கேள்வி வரும்: கைப்பேசியில் உள்ள பெயர்களை வைத்திருக்கவா, நீக்கவா? எல்லாம் போய்விடுமோ என்ற பயத்தில் "வைத்திரு" என்று தட்டுவோம். திரும்ப இயக்கும்போது கைப்பேசியில் நின்ற பிரதியோடு ஐகிளவுடில் இருந்த பிரதியும் வந்து சேரும். "நீக்கு" என்று தட்டினாலும் போவது கைப்பேசியில் உள்ள நகல் மட்டும்தான், மூலம் ஐகிளவுடில் பத்திரமாக இருக்கும் என்பதை அந்தக் கேள்வி யாருக்கும் பதறாமல் புரியும்படி சொல்வதில்லை.

பெயர்களுக்கு வருகிறேன். இந்த மென்பொருள்கள் எல்லாம் குடும்பப்பெயர், முதற்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்துக் கட்டியவை. நமக்குக் குடும்பப்பெயர் ஏது? அப்பா பெயரின் முதலெழுத்து, அல்லது அடையாள அட்டையில் உள்ளபடி "இன்னார் மகன் இன்னார்". அந்த "மகன்", "மகள்" குறியைச் சில செயலிகள் நடுப்பெயராக்கும், சில குடும்பப்பெயராக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலோ அவரவர் விருப்பம். செந்திலை Senthil என்று எழுதுகிறவரும் உண்டு, Sendhil என்று எழுதுகிறவரும் உண்டு. ஒலியை வைத்துப் பெயர் பொருத்தும் சவுண்டெக்ஸ் என்ற முறைக்கு 1918இலேயே காப்புரிமை பெற்றார்கள். ஆனால் அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஞானத்தை ஒருவர் ஜி-யிலும் இன்னொருவர் என்-னிலும் தொடங்கினால் அங்கேயே தோற்றுவிடும்.

தமிழிலேயே எழுதினால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. "பொன்னி" என்ற பெயரில் வரும் பொ-வை யூனிகோடில், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினிகள் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையில், இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாக வைக்கலாம். திரையில் இம்மியளவும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் சமம் என்று யூனிகோடே விதி சொல்கிறது, ஆனால் அந்த விதிப்படி சீர்செய்த பிறகுதான் ஒப்பிட வேண்டும் என்பதை எல்லாச் செயலியும் பின்பற்றுவதில்லை. "கௌரி" இன்னும் மோசம். ஔகாரக் குறியில் வருகிற அந்தச் சின்ன வடிவத்துக்குப் பதிலாக ளகரத்தையே தட்டி "கெளரி" என்று எழுதுகிறவர்கள் ஏராளம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, ஆனால் யூனிகோடு விதியின்படியும் அவை வேறு வேறு. "ஸ்ரீ"யில் தொடங்கும் பெயர்களுக்கும் இதே கதை, அதை இரண்டு வெவ்வேறு எழுத்துகளை வைத்து உருவாக்கலாம். அம்மாவின் பட்டியலில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் இரண்டு முறை இருந்ததற்கு அதுவே காரணம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தேன், ஒரு வேறுபாடும் தெரியவில்லை. ஒவ்வோர் எழுத்தாக அழித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

மூன்றாவது பதிவான "சின்னம்மா"வை ஏற்றியவன் நான். வீட்டு டேப்லெட்டில் எல்லாரும் ஒரே கணக்கைப் பயன்படுத்தினோம். எனக்குச் சின்னம்மா, அம்மாவுக்குச் செல்வி. அதே கணக்கில் என் மனைவியும் இருக்கிறார். அவருக்கு ஒரு அத்தை, எனக்கு வேறு ஒரு அத்தை, அவருக்கு அத்தை முறையில் என் அம்மாவும். பட்டியலில் மூன்று "அத்தை". இவை இரட்டைப் பதிவுகள் போலவே தோன்றும், ஆனால் அல்ல. உறவுமுறைப் பெயர் சொல்கிறவரைப் பொறுத்தது. ஒரு கணக்கை ஒரு குடும்பமே பகிர்ந்தால் எந்த மென்பொருளும் அதைப் பிரித்தறிய முடியாது. ஆளுக்கொரு கணக்கு வைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

இரண்டு பதிவுகள் ஒரே ஆளா என்று தீர்மானிப்பதற்கு ஐவன் ஃபெலிகி, ஆலன் சண்டர் என்ற இருவர் 1969இல் ஒரு கணக்கீட்டு முறையை வகுத்தார்கள். மக்கள்தொகைக் கணக்கு, மருத்துவப் பதிவு முதலியவற்றை இணைக்க அது இன்றும் அடித்தளம். அதன் சாரம் எளிமையானது. எல்லாப் பொருத்தமும் ஒரே எடை பெறாது. இரண்டு பதிவிலும் "குமார்" என்று இருந்தால் அது பெரிய சாட்சி அல்ல, "பூங்குழலி" என்று இருந்தால் வலுவான சாட்சி. எண்ணும் அப்படித்தான். கைப்பேசி எண் ஒன்றானால் அநேகமாக ஒரே ஆள். வீட்டு எண் ஒன்றானால் கணவனும் மனைவியுமாக இருக்கலாம். "ஒன்றாக்கு" என்ற பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டி, பக்கத்து புளோக் தாத்தாவையும் பாட்டியையும் ஒரே ஆளாக்கிவிட்டேன். பாட்டியின் பிறந்தநாள் தாத்தாவின் பெயரில் போய்ச் சேர்ந்தது.

அதனால் நான் இப்போது பின்பற்றும் வரிசை மாறிவிட்டது. சேர்ப்பது கடைசி வேலை. முதலில் எல்லாப் பெயரையும் ஒரு விகார்ட் கோப்பாக எடுத்துக் கணினியில் வைத்துவிட வேண்டும். அடுத்து, பெயர்களுக்கு எந்தக் கணக்கு வீடு என்று முடிவுசெய்ய வேண்டும். கூகுளா, ஐகிளவுடா, எதுவானாலும் சரி, ஒன்றே ஒன்று. புதுப் பெயர் சேமித்தால் அங்கேதான் போக வேண்டும் என்று எல்லாச் சாதனத்திலும் அமைத்துவிட்டு, மற்றக் கணக்குகளின் தொடர்பு ஒத்திசைவை அணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் துடைத்தால், இரவோடு இரவாக இன்னொரு கணக்கு எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து கொட்டிவிடும். பிறகு எண்களை +65, +60, +91 என்று சீராக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதை முடித்துவிட்டால் இரட்டைகளில் பெரும்பகுதி தானாகவே ஒன்றின்கீழ் ஒன்றாக அம்பலமாகும். சேர்க்கும் பொத்தான் அதற்குப் பிறகுதான். கூகுள் தொடர்புகளில் அது முன்பிருந்தே உண்டு, ஐஃபோனில் 2022இல் வந்த ஐஓஎஸ் 16இலிருந்து. வெவ்வேறு கணக்கில் உள்ள இரண்டு பதிவுகளை ஐஃபோன் இணைக்கும்போது அது ஒன்றாகக் காட்டுகிறதே தவிர, உள்ளே இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கும். கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

தவறு நடந்தாலும் மீள வழி இருக்கிறது. கூகுள் தொடர்புகளைக் கடந்த 30 நாளுக்குள் எந்த நிலைக்கும் திருப்பலாம். ஐகிளவுடும் பழைய நிலைகளைச் சேமித்துவைத்து, இணையத்தளம் வழி மீட்டுத் தருகிறது. டேப்லெட்டில் அழித்தால் கைப்பேசியிலும் அழியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறோம் என்கிற புதுச் செயலிகளை நான் தொடுவதில்லை. அவற்றுக்கு நம் உறவினர் அத்தனை பேரின் எண்ணையும் கொடுத்தாக வேண்டும். அவர்களிடம் நாம் அனுமதி கேட்கவில்லையே.

பழைய எண்களை ஏன் இவ்வளவு கவனிக்கச் சொல்கிறேன் என்றால், கைப்பேசி எண்ணை வைத்தே பணம் அனுப்பும் பேநவ் வசதி சிங்கப்பூரில் வந்த 2017இலிருந்து கைப்பேசி எண் பணம் போகும் விலாசமாகவும் ஆகிவிட்டது. விட்டுவிட்ட எண் பிறகு வேறொருவருக்குப் போகலாம். அனுப்புவதற்கு முன் திரையில் வரும் பெயரைப் படித்துப் பார்ப்பவர் தப்பிப்பார். மொய்ப்பணம் அனுப்பும் அவசரத்தில் யார் படிக்கிறார்கள்?

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்தோம். நான் முழுப்பெயர் எழுதலாம் என்றேன். அம்மா விடவில்லை. "எனக்கு ஈசூன் மீனா, கோயில் மீனா, மளிகைக்கடை மீனாதான். முழுப்பேரு எழுதினா நான் எங்கே போய்த் தேடுறது?" அவர் சொன்னது சரி. தேடுகிறவருக்கு நினைவில் வரும் பெயர்தான் அந்தப் பதிவின் பெயர். முழுப்பெயரைக் குறிப்புப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

சின்னம்மாவின் ஐந்து பதிவுகளும் ஒன்றாயின. "செல்வி" என்ற பெயர், +91இல் தொடங்கும் எண், கீழே "சின்னம்மா" என்று செல்லப்பெயர், இருந்த படங்களில் நல்லது எதுவோ அது. கடைசியில் ஒரு பதிவு மட்டும் மிச்சமிருந்தது. மூன்று வருடத்துக்குமுன் காலமான அம்மாவின் தோழி, இரண்டு முறை. சேர்க்கவா என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"ஒண்ணாக்கிடு. அழிச்சுடாதே."

ஒன்றாக்கினேன்.